பல்லி வாலுக்கு நாலு டிச் பட்டன்

ஆவடி குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரர், ராணுவச் சீருடைகளைச் சோதித்து அனுப்பும் வேலையில் இருந்தார். ஒல்லி உடம்பு, காதிடுக்கில் எப்போதும் ஒரு சிவப்பு சாக்பீஸ். எங்கே தையல் கோணலாகத் தெரிந்தாலும் பெருக்கல் குறி போட்டுவிடுவார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சட்டைக்கே போட்டவர்.

அம்பத்தூரில் காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் விழாவுக்காக, முப்பது வயதில், பழைய திரைச்சீலையில் நானே பல்லி மனிதன் உடை தைத்தேன். வால் மட்டும் நிற்கவில்லை. விழாவுக்கு முதல் நாள் வெட்கத்தை விட்டு அவரிடம் போனேன்.

அவர் சிரிக்கவில்லை. ஸ்கேல் வைத்துத் தையலை எண்ணினார். "இன்ச்சுக்கு எட்டுதான் கீது. இத்தப் போட்டுகினு எப்டிபா சண்டைக்குப் போவே?"

"சண்டை இல்ல சார். மேடையில நடக்கணும், அவ்ளோதான்."

"எதிரி வாலைப் புடிச்சா இன்னா பண்ணுவே?"

அவரே மொத்தத்தையும் பிரித்துத் தைத்து, வாலை நாலு டிச் பட்டனில் மாட்டிக் கொடுத்தார்.

மேடையில் யாரோ மிதித்ததும் வால் கழன்று விழுந்தது. நிஜப் பல்லி மாதிரியே என்று அரங்கம் கைதட்டியது. முதல் பரிசு எனக்கு.

ஓடி வந்து சொன்னேன். "பல்லிக்கு வால் அறுந்து விழும்னு யோசிச்சுத்தானே சார் பட்டன் வெச்சீங்க?"

"பல்லியா? நான் முதலைன்னுல்ல நெனச்சேன்."

வாலைத் திருப்பிப் பார்த்தார். ஒரு பட்டனைக் காணோம். பரிசு வாங்கிய வால் என்றும் பார்க்கவில்லை, தான் தைத்தது என்றும் பார்க்கவில்லை. சிவப்பாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.