நாளைக்கு பிளேஆஃப்

காஞ்சிபுரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் பேருந்தில் என் பக்கத்தில் இருந்தவர் கம்பெனிச் சீருடை போட்டிருந்தார். நரைத்த மீசை. செல்போன் திரையை அடிக்கடி சட்டையில் துடைத்துக்கொண்டார். திரையில் பேஸ்பால். ஆட்களைத் தேர்ந்தெடுப்பது மட்டும்தான் இவர் வேலை. ஆட்டத்தைக் கம்ப்யூட்டரே ஆடிக்கொள்ளுமாம்.

“நாளிக்கு பிளேஆஃப் சார். ரெண்டுமே கெத்தான டீமு. அவங்க பேட்டிங் பயங்கரம். நம்மகிட்ட பந்து வீசற பிட்சர் ஒருத்தன் இருக்கிறான், அவன் பந்தைத் தொடவே முடியாது.”

“எதிர் டீம் யாருது?”

“எங்க அக்கா வூட்டுக்காரர்து. மாகறல்ல இருக்காரு. எம்பொண்ணு கல்யாணத்துல ஒரு சண்டை. அதுலேருந்து மூஞ்சத் திருப்பிக்கினு போறாரு. ஆனா எங்க லீக்குல ஒரு வழக்கம் இருக்குது. தோத்தவங்கதான் மொதல்ல வாழ்த்து அனுப்பணும்.”

“அப்ப நீங்க ஜெயிச்சா அவரே அனுப்புவாரு.”

“எங்க சார்! லீக்கையே வுட்டுட்டுப் பூடுவாரு. அவ்ளோ வீம்பு.”

இறங்குவதற்கு முன் திரையை மறுபடி துடைத்தார். தன் பிட்சரை நாளைய ஆட்டத்திலிருந்து எடுத்து, ஓய்வில் உட்கார வைத்தார்.

மாகறல்காரரும் அன்றைக்குத் தன் சிறந்த பேட்ஸ்மேனை உட்கார வைத்திருந்தால் யார் தோற்றிருப்பார்கள் என்று இன்னும் யோசிக்கிறேன்.