மாலை போட்டு மூடிய பள்ளிக்கூடம்

எங்கள் பள்ளிக்கூடத்தை மூடியது யார் என்று பர்மாவில், எங்கள் அலோன் பேட்டையில் யாரைக் கேட்டாலும் அரசாங்கம் என்பார்கள். வெளியாரிடம் நானும் அப்படித்தான் சொல்லி வருகிறேன். ஆனால் மூட வந்தவருக்கு ரோஜா மாலை போட்டு, வயிறு நிறையச் சோறு போட்டு, வாசல்வரை கூடப் போய் வழியனுப்பியவர்கள் நாங்கள். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அது ஒரு காலத்தில் மிஷன் பள்ளி. என் அப்பா அங்கே குமாஸ்தா. பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. சிலுவை இறங்கியது, பெயர்ப்பலகை மாறியது, கட்டடமும் ஒழுகும் கூரையும் மட்டும் மாறவில்லை. துறைமுகச் சரக்குக் கிட்டங்கிகளுக்கு நடுவே ஒரு சந்துக்குள், நான்காம் வகுப்பு வரை. நாங்கள் மூன்று ஆசிரியைகள். பிள்ளைகளில் பெரும்பாலோர் கப்பலில் மூட்டை ஏற்றி இறக்கும் தமிழர் வீட்டுப் பிள்ளைகள். பாடம் எல்லாம் பர்மியில்தான். புதிதாக வரும் குழந்தை திருதிருவென்று விழித்தால், குனிந்து காதோடு தமிழில் ஒரு வார்த்தை சொல்வேன். முகம் தெளிந்துவிடும்.

எண்பத்தெட்டில் நாடெங்கும் கிளர்ச்சி நடந்து, பள்ளிகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்து, பிறகு திறந்தபோது ஊரே மாறியிருந்தது. ஆற்றோரக் குடிசைகளை அரசாங்கத்தார் பிரித்து, பாதிக் குடும்பங்களை ஊருக்கு வெளியே புது டவுனுக்கு லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். பிள்ளைகளை ஊரைவிட்டு அனுப்பியவர்களும் அவர்களே. சில வருஷம் கழித்து, பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், டவுன்ஷிப்பிலுள்ள சின்ன ஆரம்பப் பள்ளிகளைப் பெரிய பள்ளிகளோடு சேர்த்துவிடலாம் என்றவர்களும் அவர்களே. எங்களைச் சேர்க்கவிருந்த பள்ளி பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. கன்டெய்னர் லாரிகள் ஓடுகிற ரோடு. பெரியவர்களே சேலையையும், கைலி மாதிரியான லோஞ்சியையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடித்தான் தாண்டுவார்கள்.

என் இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். அவளுடைய அப்பாவுக்குத் துறைமுகத்தில் இரவு வேலை, பகலில் அடித்துப் போட்டதுபோலத் தூங்குவார். அம்மாவுக்குப் பக்கத்துக் கிட்டங்கியில் உளுந்து புடைத்துப் பொறுக்கும் வேலை. அதனால் கைக்குழந்தையான தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அவள் பள்ளிக்கு வருவாள். அவளைப் போல இன்னும் சிலர். பின்வரிசைக்கு மேலே உத்தரத்தில் பழைய லோஞ்சியைக் கட்டித் தூளி போட்டிருந்தோம். எந்தப் பள்ளி விதியிலும் அதற்கு இடமில்லை. அவள் தூளிக்குக் கீழே உட்கார்ந்து, காலால் கயிற்றை ஆட்டியபடி, எல்லோரையும்விட உரக்க வாய்ப்பாடு சொல்வாள். புதுப் பாடத்தை ஒரு தரம் வாசித்துக் காட்டினால் போதும், மறுதரம் அவளே வாசிப்பாள். எனக்கு அவள்மேல் தனிப் பிரியம். ஆசிரியைக்கு அப்படி இருக்கக் கூடாது என்பார்கள், இருந்தது.

"இங்கனன்னா அவ படிக்கட்டும் ஸயாமா," என்றாள் அவள் அம்மா. டீச்சரை இங்கே ஸயாமா என்றுதான் கூப்பிடுவோம். "ரோட்டுக்கு அங்கிட்டுன்னா நான் அனுப்ப மாட்டேன். லாரி வர்ற வரத்தைப் பாத்தியள்ல? இடுப்புல புள்ளைய வச்சுக்கிட்டு அவ எப்படித் தாண்டுவா?"

கல்வி அதிகாரி நேரில் வந்து மக்கள் கருத்தைக் கேட்கப்போகிறார் என்று தகவல் வந்தது. அந்தக் காலத்தில் நம்மிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அதனால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அரசாங்கச் சம்பளம் வாங்கும் நாங்கள் கூட்டத்தில் வாயைத் திறந்தால் மறுநாளே எங்காவது வனாந்தரத்துக்கு மாற்றிவிடுவார்கள். பேசினால் பெற்றோர்தான் பேச வேண்டும். அந்த அம்மா தேர்ந்த பர்மி பேசுவாள், கிட்டங்கி மேஸ்திரியோடு வாயாடிப் பழகியவள். என்ன சொல்ல வேண்டும் என்று அவளோடு உட்கார்ந்து முடிவு செய்தேன். ரோடு ஆபத்து, தூளியில் தம்பி தங்கை இருக்கும் பிள்ளைகளைப் பெரிய பள்ளி சேர்க்காது, பள்ளி இங்கேயே இருக்கட்டும். அவ்வளவுதான். அவள் உளுந்து பொறுக்கிக்கொண்டே அதை மனப்பாடம் செய்தாள்.

சந்து முனையில் மளிகைக்கடை வைத்திருந்த பாய்தான் எங்கள் பகுதிக்குப் பெரிய மனிதர். நல்லவர். படு நல்லவர். அதுதான் வினை.

"அதிகாரி நம்ம சந்துக்கு மொத மொத வர்றாக," என்றார். "வந்த ஆளை நிக்க வச்சுக் குறை சொன்னா நல்லாவா இருக்கும்? மொதல்ல அவுக மனசு குளிரட்டும் ஸயாமா. பெறகு பக்குவமாச் சொல்லுவோம்."

"குளிர்ந்த மனசோட அப்படியே கிளம்பிட்டா என்ன பண்ணுவீங்க பாய்?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அதன் பிறகு யார் சொல்லியும் யாரும் கேட்கவில்லை. ஆளாளுக்கு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். கால் உடைந்த பெஞ்சுகளைப் பின்னால் கொண்டுபோய்ச் சாக்கைப் போட்டு மூடினார்கள். கூரை ஓட்டையைத் தார்த்துணியால் அடைத்தார்கள். கைக்குழந்தைகளை அன்றைக்கு மட்டும் அக்கம்பக்கத்து வீடுகளில் விட ஏற்பாடு நடந்தது. கடைசியில் யாரோ, அசிங்கமாகத் தொங்குகிறதே என்று, உத்தரத்திலிருந்த தூளிகளையும் அவிழ்த்துவிட்டார்கள். எந்தக் காரணத்துக்காகப் பள்ளி இங்கேயே இருக்க வேண்டுமோ, அந்தக் காரணத்தைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்தாயிற்று. நான் தலையில் அடித்துக்கொண்டேன். தூளியைத் திரும்பக் கட்டுங்கள் என்றேன். பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். விருந்தாளி வரும் நாளில் வீட்டை அலங்கோலமாகப் போடச் சொல்கிறாளே என்ற பார்வை அது.

அதிகாரி வந்தார். மாலை போட்டார்கள். பன்னீர் தெளித்தார்கள். பிள்ளைகள் கன்னத்தில் சந்தனம்போல் தனகாப் பட்டையை அரைத்துப் பூசி, வெள்ளைச் சட்டையும் பச்சை லோஞ்சியுமாக, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்று, ஒரே குரலில் மிங்கலாபா என்று வணக்கம் சொன்னார்கள். இந்த ஊரில் ஆசிரியர் வகுப்புக்குள் வந்தால் அதுதான் வழக்கம். உட்காருங்கள் என்று ஆசிரியர் சொல்லும்வரை ஒரு பிள்ளையும் உட்காராது. அதிகாரி அந்த ஒழுங்கைப் பார்த்துப் பூரித்துப்போனார். எங்கே ஓட்டை, எங்கே நெருக்கடி, எதுவும் அவர் கண்ணில் படவில்லை. படாதபடி நாங்கள்தான் பார்த்துக்கொண்டோமே.

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், சொல்லுங்கள்," என்று அவர் கேட்கத்தான் செய்தார். அந்த மனிதரை அந்த ஒரு விஷயத்தில் நான் குறை சொல்ல மாட்டேன். அந்த அம்மா எழுந்தாள். பாய் அவசரமாகக் கையைக் காட்டினார்.

"மொதல்ல சாப்பாடு. எல்லாம் பெறகு."

பாயே நின்று சமைத்த டான்பவு, அதுதான் இங்கத்து பிரியாணி. ஊரே மணந்தது. அதிகாரி இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவினார், வெற்றிலை போட்டார், கடிகாரத்தைப் பார்த்தார். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவள் எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள். அதிகாரி சிரித்த முகத்தோடு, என்னம்மா என்றார். அவள் வாய் திறந்தது. கை தானாகக் குவிந்தது.

"சாப்பாடு போதுமா இருந்துச்சா ஐயா?" என்று பர்மியில் கேட்டாள்.

போதும் போதும் என்று வயிற்றைத் தடவிக்கொண்டே அவர் காரில் ஏறினார்.

"வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்று அவளிடம் கத்தினேன். பக்கத்தில் பிள்ளைகள் நிற்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

"நம்ம சோத்தத் தின்னுட்டு இப்பத்தான் எந்திரிச்ச மனுசன் ஸயாமா," என்று அழுதாள். "அவர்ட்ட போயி எப்படிக் குறை சொல்றது? வாய் வரலியே."

மேஸ்திரியோடு நாள் முழுக்கச் சண்டை போடுகிறவள் அவள். மேஸ்திரி அவள் கையால் சாப்பிட்டதில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது நாங்கள் பெரிய பள்ளியில் இருந்தோம். முதல் நாள் அந்த அதிகாரி வந்து பேசினார். இணைப்புக்கு மக்கள் மனமாரச் சம்மதித்த இடங்கள் உண்டு, அந்த மகிழ்ச்சியை என் கண்ணாலேயே பார்த்தேன் என்று எங்கள் சந்துப் பள்ளியை உதாரணம் காட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு கைதட்டினேன். பக்கத்தில் எல்லோரும் தட்டினார்கள்.

அனுப்ப மாட்டேன் என்றவள் அனுப்பத்தான் செய்தாள். ஒரு வாரம் சிறுமி வந்தாள், மழையில், இடுப்பில் தம்பியோடு. வாசல் காவலாளி அவளை மட்டும் உள்ளே விடுவேன் என்றான், தம்பியை விடவில்லை. அவள் அவனையும் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே, கடை ஓரத்தில் ஒதுங்கி நின்றாள். மாடி ஜன்னலிலிருந்து எனக்குத் தெரிந்தது. தலைமை ஆசிரியையிடம் போய்க் கெஞ்சினேன். "இது பள்ளிக்கூடமா, பிள்ளை வளர்க்கிற இடமா?" என்று கேட்டார். அவரும் கெட்டவரில்லை. எண்பது பிள்ளைகள் அடைந்து கிடந்த அறையில் தூளியை எங்கே கட்டுவது? அடுத்த வாரம் கேட்டுக்கு வெளியே யாரும் நிற்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"என்கூடக் கிட்டங்கிக்கு வர்றா," என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். "கை நல்லா ஓடுது அவளுக்கு."

எங்கள் பழைய கட்டடம் சும்மா கிடந்தது. பிறகு யாரோ ஒரு வியாபாரிக்கு வாடகைக்குப் போனது என்று கேள்விப்பட்டேன். எதற்கு என்று விசாரிக்கவில்லை. அடுத்த வருஷம் ஒருநாள் துக்கம் கேட்க அந்தச் சந்துக்குள் போனபோது, எங்கள் பழைய கட்டடத்துக்குள்ளே முறத்தில் புடைக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

அறை முழுக்க உளுந்து. பெண்கள் வரிசை வரிசையாகத் தரையில் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுநடுவே சிறுமிகள், ஐந்தாறு பேர், எல்லோரும் என் பழைய வகுப்புப் பிள்ளைகள். அவள் கடைசி வரிசையில், தூளி கட்டியிருந்த உத்தரத்துக்கு நேர் கீழே இருந்தாள். நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். மடியிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டாள். மற்றப் பிள்ளைகளும் எழுந்தார்கள். ஒரே குரலில் மிங்கலாபா ஸயாமா என்றார்கள்.

"உக்காருங்க, வேலையப் பாருங்க!" என்று மேஸ்திரி அதட்டினான்.

ஒருத்தியும் உட்காரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேஸ்திரி இரண்டாம் தரம் கத்தினான். அப்போதுதான் அவர்கள் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது.

"உட்காருங்கள்," என்றேன்.

உட்கார்ந்து உளுந்து பொறுக்க ஆரம்பித்தார்கள்.