இரண்டு சாமிக்கு ஒரே தலை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தலைமுடி அதைவிட நீளம். கல்யாணமாகிப் புத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துக்கு வந்த புதிதில் ஊர்ப் பெண்கள் பேசிக்கொண்டது இந்த இரண்டைப் பற்றித்தான். உட்கார்ந்து பின்னலை எடுத்து முன்னால் போட்டால் மடியில் குழந்தை படுத்திருப்பதுபோல இருக்கும். அந்த முடியைப் போகவைத்தது அந்த வாய்தான். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது. கர்வம்தான்.

நான் பிறந்தது திருப்பதியில், மலையடிவாரத்தில். எங்கள் தெருவில் கால் இடறினாலும் கோவிந்தா, பால் பொங்கி வழிந்தாலும் கோவிந்தா. வேண்டிக்கொள்வதற்கென்று நாங்கள் தனியாக உட்கார்ந்து யோசிப்பதில்லை. தும்மல் மாதிரி அது தானாக வரும். வாழ்க்கைப்பட்ட வீடோ திருத்தணி முருகனுக்கு எழுதிவைத்த வீடு. பிள்ளை பிறந்தால் முதல் முடி திருத்தணியில்தான் இறங்கும். மாமனாருக்கு அங்கேதான் இறங்கியது, என் வீட்டுக்காரருக்கும் அங்கேதான். என் மகன் பிறந்த அன்று அவன் தலையில் ஒட்டிக்கொண்டிருந்த நாலு முடியையும் மாமனார் அப்போதே முருகன் பேருக்கு ஒப்படைத்துவிட்டார்.

மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். அதனால் என்னோடு சண்டை போடவேண்டிய பொறுப்பும் மாமனார் தலையிலேயே விழுந்தது. மனிதர் அதைக் குறைவைக்காமல் செய்தார்.

ஆந்திரா தனி மாநிலமாகிச் சித்தூர் ஜில்லா முழுவதும் அந்தப் பக்கம் போயிருந்த நேரம் அது. தமிழ் பேசும் எங்கள் பகுதியைச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்று அங்கங்கே கூட்டம் நடக்கும். மாமனார் ஒன்றையும் விடமாட்டார். வீடு திரும்பியதும் கூடத்தில் வேர்க்கடலையைப் பரப்பி எல்லை பிரிப்பார்.

“இது திருத்தணி. இது நகரி. இது நம்ம புத்தூரு. இந்தக் கோட்டுக்கு இந்தாண்ட எல்லாம் நம்மளது.”

திருப்பதிக் கடலையை மட்டும் எந்தப் பக்கம் வைப்பது என்று அவருக்கே சந்தேகம். வைப்பார், எடுப்பார். அதற்குள் என் மகன் தவழ்ந்து வந்து திருத்தணியை எடுத்து வாயில் போட்டுக்கொள்வான். “துப்புடா நைனா, துப்பு!” என்று அவன் வாய்க்குள் விரலை விட்டுத் திருத்தணியை மீட்பார்.

மகனுக்கு மூன்று வயது நெருங்கியது. திருத்தணிக்கு நாள் பார்த்தாகிவிட்டது. களத்தில் கடலை மூட்டைகளை அடுக்கிவைத்திருந்தார்கள். நான் கூலிப் பெண்களிடம் மாமனார் மாதிரி நடந்துகாட்டிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் பிள்ளை மூட்டைமேல் ஏறி, அந்தப் பக்கமாக விழுந்துவிட்டான். ஓடிப்போய்த் தூக்கினேன். வலது கை முழங்கைக்கிட்டே திரும்பிக்கொண்டு நின்றது. என் சிரிப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

எலும்பு முறிந்தால் ஊர் ஊராக வந்து கட்டிக்கொண்டு போகிற இடம் புத்தூர். நாங்கள் பக்கத்திலேயே இருந்தோம். வண்டி கட்டிக்கொண்டு ஓடினோம். கொட்டகையில் கட்டு கட்டுகிறவர் பிள்ளையின் கையைத் தடவிப் பார்த்தார். பிறகு ஒரு கையால் மேலே பிடித்து, மறுகையால் கீழே இழுத்தார். பிள்ளை அலறினான். அடிவாரத்து வாய் சும்மா இருக்குமா?

“கோவிந்தா! இவன் கை நேராகட்டும்! இவன் முதல் முடி உனக்குத்தான்!”

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. மாமனார் எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். கட்டு கட்டுகிறவர் அங்கே எலும்பைச் சேர்த்தார். நான் இங்கே குடும்பத்தை முறித்தேன்.

பச்சிலை வைத்து, மூங்கில் சிம்பு வைத்து, கட்டு முடிந்தது. திரும்பும் வழியில் பிள்ளை என் மடியில் தூங்கினான். மாமனார் ஆரம்பித்தார்.

“ஏம்மா, இன்னா சொன்ன அங்க?”

“எங்க, மாமா?”

“நடிக்காத. முதல் முடி யாருக்குன்ன?”

“வாயில வந்துடுச்சி மாமா.”

“வரும், வரும். திருப்பதிக்காரங்க கெடச்சதெல்லாம் மலைமேல ஏத்துவீங்க. முருகனுக்குக் குடுத்தத புடுங்கி பெருமாளுக்குக் குடுக்கிறதுக்கு நீ யாரு, எல்லைக் கமிஷனா?”

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், “மாடு மெரளுது, மெதுவா பேசுங்க” என்றார். மாடு பாதித் தூக்கத்தில் நடந்துகொண்டிருந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் அவர் எடுத்த கட்சி எப்போதுமே மாட்டுக் கட்சிதான்.

சில வாரம் கழித்துக் கட்டுப் பிரித்தார்கள். எலும்பு நன்றாகச் சேர்ந்திருந்தது. ஆனால் பிள்ளை கையை நீட்டவில்லை. அடிபட்ட கோழி இறக்கையை ஒடுக்குவதுபோல மார்போடு மடக்கியே வைத்துக்கொண்டான்.

“பயத்துல மடக்கிக்கினு இருக்கான். நீ புடிச்சி இழுத்துடாத, தாயி. அவனா நீட்டணும்” என்றார் கட்டு கட்டுகிறவர்.

அவனாக எப்படி நீட்டுவான்? வெல்லக்கட்டியைத் தூரத்தில் காட்டினேன். இடது கையால் வாங்கிக்கொண்டான். கன்றுக்குட்டியின் வாலைப் பிடிக்கச் சொன்னேன். அதற்கும் இடது கைதான். அவனுக்கு எதிரில் நான் கோமாளி மாதிரி குதித்தேன், குரங்கு மாதிரி சொறிந்தேன். இடது கையை மட்டும் தட்டிச் சிரித்தான். குளிப்பாட்டும்போதெல்லாம் அந்த மடங்கிய கையைப் பார்த்துக்கொண்டே தண்ணீரை வேறெங்கோ ஊற்றுவேன். கலப்பை பிடிக்க வேண்டிய கை. சொன்னதைக் கொடுக்காததால்தான் பெருமாள் அதைப் பிடித்துவைத்திருக்கிறார் என்று ஒரு பயம் எனக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. வட்டியோடு வாங்குகிற சாமி அவர். அதை அடிவாரத்தில் பிறந்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாமனாருக்கும் அதே பயம்தான். ஆனால் அவர் கணக்கில் பிடித்துவைத்திருந்தவர் முருகன்.

ஒரு மத்தியானம் சாப்பிடும்போது பேச்சு முற்றியது.

“முதல் முடி திருத்தணிக்குத்தான். அப்பறம் மொளைக்கிறத உங்க பெருமாளுக்குக் குடு. அவரு வேணாம்னா சொல்லப்போறாரு?”

“நான் முதல் முடின்னுதான சொன்னேன் மாமா.”

“அப்ப இன்னா பண்றது? புள்ள தலையில கோடு போட்டுப் பிரிக்கலாமா?”

“கோடு போடறது உங்களுக்குத்தான் கை வந்த வேலை. கடலை எடுத்தாரட்டுமா?”

அவர் முறைத்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிறுத்தவில்லை.

“சரி, புள்ள தலை முருகனுக்கே இருக்கட்டும். வாக்குக் குடுத்தது என் வாயி. அந்த வாயி எந்தத் தலையில இருக்குதோ அந்தத் தலையைப் பெருமாள் எடுத்துக்கட்டும்.”

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. களியை உருட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கை அப்படியே நின்றது.

“சொல்லிட்ட இல்ல?” என்றார்.

“சொல்லிட்டேன்” என்றேன். வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் சொல்லிமுடித்த பிறகு கேட்டால், எனக்கே அது நியாயமாகத்தான் பட்டது.

மாமனார் குரல் இறங்கிவிட்டது. “அது இல்லம்மா. கட்டினவன் இருக்கிற பொண்ணு மொட்டை போடறதா? தெலுங்குப் பொம்பளைங்க போடுவாங்க. நம்மள்ல பூமுடி தான குடுப்பாங்க? நுனியில கொஞ்சம் கத்திரிச்சா போதும்.”

“எங்க அடிவாரத்துல பாஷை கேட்டுக்கினு யாரும் மொட்டை போடறதில்ல மாமா.”

முதலில் திருத்தணி. தாய்மாமன் மடியில்தான் முதல் முடி எடுக்க வேண்டும் என்பதால் திருப்பதியிலிருந்து என் அண்ணன் வந்தார். பெருமாள் ஊர்க்காரர் மடியில் உட்கார்ந்து என் மகன் முருகனுக்கு முடி கொடுத்தான். சந்தனம் பூசிய தலையைக் கண்டவர்கள் எல்லாம் தடவி, “மொட்ட, மொட்ட!” என்று கொஞ்சினார்கள். கை மட்டும் மார்பைவிட்டு வரவில்லை. படி இறங்கும்போது மாமனார் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். ஜெயித்துவிட்ட மனிதர் மாதிரி அவர் நடக்கவில்லை. எனக்கும் கேலி வரவில்லை.

பிறகு திருமலை. “சும்மா வேடிக்கை பாக்கத்தான் வரேன்” என்று மாமனாரும் கிளம்பினார். ரேணிகுண்டாவில் ரயில் மாறி, திருப்பதியில் பஸ் பிடித்து, மலை ஏறினோம். வழியெல்லாம் நான் வாயைத் திறக்கவே இல்லை. உடம்பு சரியில்லையா என்று என் வீட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டார்.

முடி இறக்கும் மண்டபத்தில் என் முறை வந்தது. நாவிதர் என் பின்னலைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல் தூக்கினார். “ஏமம்மா, மூடு கத்தெரலா, குண்டா?” மூன்று கத்தரிப்பா, முழு மொட்டையா என்று கேட்கிறார்.

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் முந்திக்கொண்டது. “மூடு சாலு நாயனா, மூடு சாலு!” மூன்றே போதும் என்று கெஞ்சியது என் மாமனார். கூட்டங்களில் தமிழ் தமிழ் என்று தொண்டை கட்டக் கத்திய வாயிலிருந்து அவ்வளவு அழகான தெலுங்கு வந்ததை அன்றுதான் கேட்டேன்.

“குண்டு” என்றேன்.

தலையில் தண்ணீர் தெளித்தார்கள். கத்தி குளிர்ச்சியாக இறங்கியது. பின்னல் மடியில் வந்து விழுந்தது, குழந்தை படுத்திருப்பதுபோலவே. தொட்டுப் பார்த்தேன். கண் கலங்கியது உண்மைதான். அதற்குள் மண்டைமேல் மலைக்காற்று பட்டுக் குறுகுறுவென்றது, அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். நாவிதர், “கதலக்கம்மா” என்று அதட்டினார். ஆடாதே என்றார்.

குளித்து, சந்தனம் பூசிக்கொண்டு வந்தேன். மாமனார் இடுப்பில் பிள்ளை. அம்மாவை அடையாளம் தெரியாமல் அலறப்போகிறான் என்று பயந்தேன். அவன் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். நான் கிட்டே போய்த் தலையைக் குனிந்து, “யார்ரா இது?” என்றேன்.

குரல் தெரிந்துவிட்டது. ஒரு நிமிடம் தலையையே முறைத்தான். பிறகு களுக்கென்று சிரித்து, தாத்தா இடுப்பிலிருந்து எட்டி என் பக்கம் சாய்ந்தான். இடது கை வந்தது. ஒரு கையால் மொட்டையைத் தடவினால் போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். மார்போடு ஒட்டியிருந்த வலது கையும் மெல்லப் பிரிந்தது, கொஞ்சம் நின்றது, பிறகு நேராக நீண்டு என் மண்டையில் வந்து உட்கார்ந்தது.

“மொட்ட!” என்றான். இரண்டு கையாலும் தாளம் போட்டான். “மொட்ட, மொட்ட!”

“முருகா!” என்று கத்தினார் மாமனார். “கோவிந்தா!” என்று கத்தினேன் நான். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்த சண்டைக்கு இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, “ரெண்டு பேரும்தான்” என்றார் என் வீட்டுக்காரர். மாட்டைச் சாக்குச் சொல்லாமல் அவர் சொன்ன முதல் அபிப்பிராயம் அது.

ஊர் எல்லையில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் மாமனார் தோள் துண்டை எடுத்து நீட்டினார். “வெயிலு. தலைக்குப் போட்டுக்கோம்மா.”

“வேணாம் மாமா.”

வேண்டாம் என்றால் வேண்டாம். பிள்ளையைத் தோள்மேல் உட்காரவைத்துக்கொண்டு தெரு நடுவில் நடந்தேன். அவன் வழியெல்லாம் இரண்டு கையாலும் என் தலையில் தவில் வாசித்துக்கொண்டு வந்தான். கிணற்றடியில் பெண்கள் குடத்தை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தார்கள். நான் ஏதாவது சொல்வதற்குள் மாமனார் முன்னால் போய் நின்றார்.

“இன்னாத்த பாக்குறீங்க? வேண்டுதல். எங்க வீட்டுப் பொண்ணு சொன்ன சொல்லு தவறாது.”

ஆயுசுக்கும் பூ வைத்த பின்னலோடு நடந்திருந்தாலும் அந்த நடை எனக்கு வந்திருக்காது.

சில வருஷம் கழித்து எல்லை முடிவானது. திருத்தணி சென்னைப் பக்கம் போனது. புத்தூரும் நாங்களும் ஆந்திராவிலேயே நின்றோம். அன்று மாமனார் வெகுநேரம் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கடலையைப் பரப்பிக் கடைசியாக ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு அந்தப் பக்கம் திருத்தணி, இந்தப் பக்கம் நாங்கள்.

“சாமி அந்தாண்ட, நாம இந்தாண்ட” என்றார்.

எனக்கு அப்போது முடி தோளைத் தாண்டி வளர்ந்திருந்தது. வாய் ஏற்கெனவே வளர்ந்ததுதான். இருந்தாலும் அன்றைக்கு அதை மூடிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் மகன் விளையாட்டிலிருந்து ஓடிவந்தான். கோட்டைத் தாண்டி வலது கையை நீட்டி, திருத்தணியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

மாமனார் வாயைத் திறந்தார். பிறகு அந்த நீண்ட கையைப் பார்த்தார். மீதிக் கடலையை எல்லாம் அவன் பக்கம் தள்ளிவிட்டார்.

“துன்னுடா நைனா,” என்றார். “துன்னு.”