எதற்கும் உதவும் துப்பாக்கி

பத்து காஜா ஊர்ப் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்தில் எனக்குக் கொஞ்சம் மரவள்ளி உண்டு. பன்றி விரட்ட, லைசென்ஸோடு ஒரு ஷாட்கன் வைத்திருக்கிறேன். அதன் பெருமையை நான் அளக்காத சாப்பாட்டுக்கடை இல்லை. ரைஃபிளில் ஒரே குண்டு, குறி தப்பினால் போச்சு. இதிலோ தோட்டாவை மாற்றினால் காக்கையும் விழும், பன்றியும் விழும். குண்டுகள் சிதறிப் பாய்வதால் என்னைப் போன்றவனுக்கும் குறி தப்பாது.

போன வாரம் சாயங்காலம் பன்றி வந்தது. காக்கைக்குப் போட்ட பொடிக்குண்டுத் தோட்டாவை மாற்றாமலே சுட்டேன். பன்றி வேலிக்கு வெளியே போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. அது முதலில் நின்ற இடத்துக்குப் பின்னாலிருந்த பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியோ பூவாளி மாதிரி ஊற்றியது.

மனைவி வாளியோடு ஓடி வந்தாள்.

“ரைஃபிளா இருந்தா ஒரு ஓட்டைதான்லா விழுந்திருக்கும். உங்க விரல வச்சே அடைச்சிருக்கலாம்.”