மூக்கில் இரண்டு தடம்

பெண் பார்க்க வந்த அன்று நான் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. என் கண்ணாடியைப் பிடுங்கி அம்மா அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். "காபித் தட்ட புடிச்சிக்கினு நேரா நட, போதும்" என்றாள். கூடத்தில் நான்கைந்து மங்கல்கள் உட்கார்ந்திருந்தன. உயரமான மங்கலுக்கு முதல் காபியை நீட்டினேன். அது மாப்பிள்ளையின் தாய்மாமன். பெரியவர்களுக்கு முதலில் கொடுக்கிற அடக்கமான பெண் என்று மெச்சிக்கொண்டார்களாம்.

பிடித்திருக்கிறதா என்று அப்பா கேட்டார். முகத்தை எங்கே கண்டேன்? குரல் நன்றாக இருந்தது, அதை நம்பித் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகுதான் அம்மாவுக்குப் பயம் வந்தது. "நாளைக்கு அவுங்க வூட்ல சோடாபுட்டி போட்டுக்கினு நின்னா, ஏமாத்திட்டாங்கன்னு சொல்ல மாட்டாங்களா?"

நிச்சயத்துக்கு முன்பே புதுச்சேரிக்குப் போய் லேசர் செய்துகொண்டேன். கிட்டப்பார்வை, சிலிண்டர் பவர் இரண்டுமே போய்விடும் என்றார் டாக்டர். இமைக்குக் கிளிப் போட்டு ஒரு வெளிச்சத்தையே பார்க்கச் சொன்னார்கள். முடி பொசுங்குகிற வாடை அடித்தது. வலி இல்லை.

சங்கராபுரத்துக்குக் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பினேன். மெட்ராஸ் ஐ என்று அம்மாவே தெருவில் பரப்பிவிட்டாள். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளுமே, ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. சில நாளில் மாடியிலிருந்து கல்வராயன் மலை வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. இனி அவரும் இவ்வளவு தெளிவாகத் தெரிவார். பிடிக்காமல் போனால் என்ன செய்வது?

கள்ளக்குறிச்சி மண்டபத்தில் தட்டு மாற்றியபின் எங்களைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பயந்துகொண்டே திரும்பினேன். அவர் மூக்கின் இரு பக்கமும் அழுந்திய தடம் இருந்தது. அவர் விரல் தானாக மேலே போய், இல்லாத கண்ணாடியைத் தள்ளிவிட்டது.

"அன்னிக்கு என்ன நல்லா பாத்தீங்களா?" என்று மெல்லக் கேட்டேன்.

"கொஞ்சம் கலங்கலாத்தாங்க. எங்கம்மா கழட்டி வாங்கிக்கினாங்க."

சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். அவரை எனக்குப் பிடிக்குமா என்றே இத்தனை நாள் தவித்திருக்கிறேன். என்னை அவருக்குப் பிடிக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

"உங்க மூக்குலயும் தடம் இருக்குதே," என்றார். கொஞ்சம் யோசித்தார். "அப்ப எங்க மாமாதான் மாப்பிள்ளன்னு நெனச்சிக்கினு காபி குடுத்தீங்களா?"

அடக்க முடியாமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார். அந்தக் கோடியிலிருந்து இரண்டு அம்மாக்களும் முறைத்தார்கள். அவ்வளவு தூரத்திலிருந்தும் அது எனக்கு நன்றாகவே தெரிந்தது.