மாமரத்தில் கட்டிய மஞ்சள் துணி

அமெரிக்காவில் பெட்ரோல் என்ன விலை என்பது ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் எங்கள் குன்னத்துகால் முக்கில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எட்டு மணிக்கு அம்மா போன் செய்வாள். பேசி முடித்ததும் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போவார். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. ஆனாலும் "சாரே, இந்த வாரம் ஏறிச்சா எறங்கிச்சா?" என்று கேட்காமல் அவர்களுக்கு டீ இறங்காது. அப்பா டாலரை ரூபாயாக்கி, அவர்கள் ஊர் அளவை லிட்டராக்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்வார். நெய்யாற்றின்கரையில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த அவரை வாரத்தில் ஆறு நாளும் யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. ஏழாம் நாள் அவர்தான் எங்கள் ஊர் பி.பி.சி.

அது அமெரிக்கா இராக்கில் சண்டை தொடங்கிய வருடம். எனக்கு ஒன்பது வயது. அம்மா காரக்கோணம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, என்னென்னவோ பரீட்சைகள் எழுதித் தேறி, அமெரிக்கா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் நானும் அப்பாவும் அப்பாவின் அக்காவும் மட்டும். அத்தைக்கு இரண்டு கண்ணிலும் புரை. அரிசியில் கல் பொறுக்குவது என் வேலை, பொறுக்கியது சரியில்லை என்று சொல்வது அத்தையின் வேலை.

அம்மா போனில் சொல்வதெல்லாம் விலைதான். பாலுக்கு இவ்வளவு, முட்டைக்கு இவ்வளவு, சின்ன பிளாஸ்டிக் கூட்டில் பத்து இணுக்குக் கறிவேப்பிலைக்கு ஒரு டாலர். "நம்ம கெணத்தங்கரையில நிக்கியத கொண்டு வந்தா நான் கோடீஸ்வரியாக்கும்" என்பாள். சண்டை வந்த பிறகு விலையோடு வேறு செய்திகளும் வர ஆரம்பித்தன. கார்களில் எல்லாம் சின்னச் சின்னக் கொடி பறக்கிறதாம். விஷவாயு வரும் என்று பயந்து ஜன்னலை அடைக்க எல்லோரும் பிளாஸ்டிக் தாளும் ஒட்டும் நாடாவும் வாங்கிக் குவித்ததில் கடைகளில் நாடா தீர்ந்துபோயிற்றாம். சண்டைக்கு ஒத்துவராத ஒரு நாட்டின் மேலுள்ள கோபத்தில், அந்த நாட்டுப் பெயரைக் கொண்ட உருளைக்கிழங்கு வறுவலுக்குச் சிலர் பெயரையே மாற்றிவிட்டார்களாம். இந்தக் கடைசிச் செய்தி டீக்கடையில் ஒரு வாரம் ஓடியது. பக்கத்து வீட்டுக்காரனோடு எல்லைத் தகராறில் இருந்த ஒருவர், அவன் வீட்டு வாழைக்காய் வறுவலுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

டெலிவிஷனில் ராத்திரி முழுக்க வரைபடமும் பீரங்கியும்தான், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஒரு பாட்டுப் போட்டி வரும், அதற்கு ஜனங்கள் போன் பண்ணி ஓட்டுப் போடுவார்கள் என்றும் அம்மா சொன்னாள். அவளும் ஓட்டுப் போட்டாளாம். முகம் தெரியாத ஒரு பாட்டுக்காரனுக்கு அவள் போன் பண்ணினாள் என்பதை என்னால் தாங்கவே முடியவில்லை. எனக்கு வாரத்தில் ஒரு போன்தான். அதிலும் கடைசி நான்கைந்து நிமிடம்தான் என்னுடையது. "தின்னியா மக்கா? படிச்சியா? எண்ண தேச்சுக் குளிச்சியா?" என்று கேட்டு முடிப்பதற்குள், "போன் கார்டு தீரப்போவுது, வச்சிடுகேன்" என்பாள்.

கோடை விடுமுறையில் நாள் மிகவும் நீளமாகிவிடும். அப்பா காலை பஸ்ஸுக்குப் போனால் விளக்கு வைக்கும்போதுதான் வருவார். அத்தை மத்தியானம் படுத்துவிடுவாள். நான் போனின் மேல் போட்டிருந்த பூத்துணியை விலக்கி, ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, அந்த 'ஙொய்' என்ற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தச் சத்தத்துக்கு அந்தப் பக்கம் எங்கோ அம்மா இருக்கிறாள் என்று ஓர் எண்ணம். எனக்கு யாருமே இல்லை என்று அப்போதெல்லாம் தோன்றும். அழுகை வராது. சத்தம் மாறினால் ரிசீவரை வைத்துவிட்டு மறுபடியும் எடுப்பேன்.

அந்த வருடம் அம்மா வருவதாகச் சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டு முன்னால் கோட்டுக்கோணம் என்ற ரக மாமரம் ஒன்று நின்றது. அதன் பழம் என்றால் அம்மாவுக்கு உயிர். "பழுக்கியதுக்கு முன்னால வாறேன் மக்கா" என்று ஜனவரியிலேயே வாக்குக் கொடுத்திருந்தாள். மரம் பூத்துப் பிஞ்சுவிட்டுக் காய் முற்றத் தொடங்கியிருந்தது. நான் தினமும் போய் அண்ணாந்து பார்ப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா எனக்கென்றே ஒரு கதை சொன்னாள். அவள் குடியிருந்த வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு வெள்ளைக்காரி. அவளுடைய ஒரே மகன் பட்டாளத்தில் சேர்ந்து சண்டைக்குப் போயிருந்தான். "அந்த மதாம்ம வீட்டு முன்னால நிக்கிய மரத்துல மஞ்ச ரிப்பன் கெட்டியிருக்கா மக்கா. மவன் திரும்பி வாறது வரைக்கும் அவுக்கமாட்டாளாம். இங்க தெருவுல பல வீட்டுலயும் உண்டு."

"கெட்டினா வந்துருவாவளா?"

"வருவினும்" என்றாள் அம்மா.

எனக்கு அது போதுமாயிருந்தது. அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை.

என் பின்னல் ரிப்பனை மரத்தில் சுற்றிப் பார்த்தேன். பாதிகூட எட்டவில்லை. அலமாரியில் அம்மாவின் மஞ்சள் நூல் சேலை ஒன்று இருந்தது. எடுத்து முகர்ந்தேன். பாச்சை உருண்டை வாசனைக்கு அடியில் அவளுடைய பவுடர் வாசனை இன்னும் கொஞ்சம் இருந்தது. கிழிக்க மனசு வரவில்லை, ஆனாலும் கிழித்தேன். மறுநாள் அத்தையைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது. காலையில் அப்பா பஸ்ஸுக்குப் போனதும், அத்தை சேலை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில், மாமரத்தில் மஞ்சள் துணியைச் சுற்றி, முன்பக்கம் பூப்போல முடிச்சுப் போட்டேன். அத்தை அதன் பக்கமாகத்தான் நடந்து வந்தாள். அவளுக்கு மரமே மங்கலாகத்தான் தெரியும்.

எங்கள் பக்கத்தில் மரத்தில் துணி கட்டினால் என்ன அர்த்தம் என்பது இடுப்புக் குழந்தைக்கும் தெரியும். மரம் வாங்கும் தடி வியாபாரி வந்து விலை பேசி முடித்ததும், விற்ற மரங்களில் கையில் கிடைத்த கிழிசலைக் கட்டிவிட்டுப் போவான். பிறகு ஒருநாள் அவனுடைய ஆட்கள் வந்து துணி கட்டிய மரங்களை வெட்டிப்போட்டுவிடுவார்கள். வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கவேண்டும் என்பதுகூட இல்லை. அந்த வாரம்தான் அப்பா வீட்டுக்குப் பின்னால் பால் வற்றிப்போன ரப்பர் மரங்களையும் ஓர் அயனிமரத்தையும் விற்றிருந்தார். அவற்றில் பழைய கைலித் துண்டுகள் தொங்கியதை நானும் பார்த்தேன். அது கிழிசல், என்னுடையது ரிப்பன். இரண்டும் ஒன்று என்று எனக்கு எப்படித் தோன்றும்?

மத்தியானம் பஸ்ஸைவிட்டு இறங்கி வரும்போது வீட்டு முற்றத்தில் வழக்கத்தைவிட அதிக வெளிச்சம் இருந்தது. கண்ணில் மருந்து விட்டிருந்த அத்தை, "என்ன மக்கா இம்புட்டு வெயிலு அடிக்கியது?" என்று கேட்டாள். நான் அவள் கையை விட்டுவிட்டு ஓடினேன். மாமரம் முற்றத்துக்குக் குறுக்கே கிடந்தது. பச்சைக் காய்கள் எங்கும் சிதறிக் கிடந்தன. தரையெல்லாம் பால் ஒழுகி, அந்தப் புளிப்பு வாசனை மூக்கில் ஏறியது. ஆட்கள் பின்பக்கம் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா வந்ததும் தடி வியாபாரியை ஆள் அனுப்பி வரவழைத்தார். அப்பா சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"எலே, முன்னால நிக்கிய மாமரத்த நான் ஒனக்கு வித்தேனா?"

"துணி கெட்டியிருந்துல்லா சாரே! சாரு பொறவு மனசு மாறி அதையும் கெட்டினதாக்கும்னு வேலைக்கு வந்த பிள்ளைக நெனச்சினும். துணி கெட்டின மரத்த வெட்டாம போனா நாளைக்கு நீரே என்னைய கேப்பீரு."

வியாபாரி மஞ்சள் துணியைக் கொண்டுவந்து காட்டினான். அப்பா அதைக் கையில் வாங்கினார். சேலையை அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அடி விழும் என்று நினைத்து நான் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன்: மதாம்மை, அவள் மகன், ரிப்பன், அவிழ்க்கமாட்டாள் என்பது. "அம்ம வாறதுக்காக்கும் கெட்டினேன்" என்று முடித்தேன்.

தடி வியாபாரி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "நான் நாளைக்கு வாறேன் சாரே" என்று போய்விட்டான். அத்தை வாயில் சேலைத்தலைப்பை வைத்துக்கொண்டாள். அப்பா என்னை அடிக்கவில்லை. துணியை மடித்து மடித்துச் சின்னதாக்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வெட்டிப்போட்ட மரத்தின் மேல் ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஞாயிறு போன் வந்தபோது நான் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டேன். மரம் போனது துக்கம்தான். ஆனால் அம்மாவிடம் சொல்ல என்னிடம் எவ்வளவு பெரிய விஷயம் இருக்கிறது! அவளுக்காக ரிப்பன் கட்டினேன் என்று தெரிந்தால் அவள் என்ன சொல்வாள் என்று வாரம் முழுக்க நினைத்துப் பார்த்து வைத்திருந்தேன்.

அப்பா போனில், "மாமரத்த வித்துட்டேன்" என்றார்.

ரிசீவரைத் தாண்டி அம்மாவின் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. என்ன கேட்டாள் என்பது புரியவில்லை. அப்பா சொன்ன பதில் மட்டும் புரிந்தது. "ஆமா, நானாக்கும் வித்தேன். இலையெல்லாம் ஓட்டுல விழுந்து தொந்தரவு. ஒரு மரம்தானே. என்னத்துக்கு இப்படிக் கெடந்து கரையிய?" அம்மா அழுகைக்கு நடுவில் ஏதேதோ சொன்னாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

பிறகு ரிசீவர் என் கைக்கு வந்தது. "மக்கா, அந்த மனுசனுக்கு என்ன கேடு வந்துது? நீயாவது வெட்டாண்டாம்னு ஒரு வாக்கு சொல்லப்பிடாதா?" என்றாள் அம்மா. அழுதுகொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன். அப்பா என் தலைமேல் கை வைத்தார். அழுத்தவில்லை, சும்மா வைத்திருந்தார். நிமிர்ந்து பார்த்தேன். அதற்கு முன்னால் எந்தப் பெரிய மனிதரும் என்னிடம் கெஞ்சியதில்லை. அவர் கண்ணாலேயே கெஞ்சினார்.

"நான் ஆசுபத்திரிக்குப் போயிருந்தேன் அம்மா" என்றேன். கார்டு தீர்ந்துபோயிற்று.

அம்மா அந்த வருடம் வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை. நான் அப்பாவோடு வெகுநாள் பேசவில்லை. சாப்பிடும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். திட்டு வாங்கவிடாமல் என்னைக் காப்பாற்றினார் என்று அத்தை சொல்லிப் பார்த்தாள். திட்டு யாருக்கு வேண்டும்? நான் கட்டியதை அவர் தானே விற்றதாக மாற்றிவிட்டார். அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் அவள் கட்டாயம் வந்திருப்பாள். தெரியாமல் போனதற்கு இந்த அப்பாதான் காரணம். மூன்று பேர் இருந்த வீட்டில் என் பக்கம் யாரும் இல்லை என்று நான் நம்பினேன். ஒன்பது வயதில் அப்படி நம்பிவிட்டால் அது லேசில் போகாது.

வேறு விஷயங்கள் பிறகுதான் தெரியவந்தன. சண்டைக்காலத்தில் அந்த நாட்டைவிட்டு வெளியே வந்தவர்களுக்குத் திரும்பிப்போக விசா கொடுப்பதை மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். அம்மாவோடு வேலை செய்த ஒரு பெண் அப்படி ஊருக்கு வந்து மாட்டிக்கொண்டு, வேலையையே இழந்தாள். இந்த வருடம் வர முடியாது என்று மரம் விழுவதற்கு முன்பே அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டிருந்தாள். என்னிடம் சொல்ல மட்டும் இருவருக்கும் தைரியம் வரவில்லை.

அப்பா இறந்து ஒரு வருடம் கழித்து, போன மழைக்காலத்தில், அம்மாவும் நானும் பேச்சுவாக்கில் அந்த மாமரத்துக்கு வந்து சேர்ந்தோம். அம்மா அதுவரைக்கும் அந்த விஷயத்தில் அப்பாவை மன்னித்திருக்கவில்லை. அப்போதுதான் நான் மஞ்சள் துணியைப் பற்றிச் சொன்னேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு இது தெரிஞ்சிருந்தா நான் போட்டது போட்டபடி விட்டுட்டு அடுத்த பிளைட்டுல வந்திருப்பேனே மக்கா" என்றாள்.

நான் நினைத்ததும் அதுதான். அப்பாவும் அதையேதான் நினைத்துப் பயந்தார் என்பது எனக்கு அந்த வயதில் தெரியவில்லை.