மூப்பர் தேர்தலுக்குப் போன வேன்

சபை வேன் ஓட்டுவது சம்பளம் இல்லாத உத்தியோகம்; ஆனால் மேலதிகாரிகளுக்குக் குறைவே இல்லை, அத்தனை பேரும் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

நீங்களும் கல்யாண வேனோ, பள்ளிக்கூட வேனோ, கோயில் வேனோ ஓட்டுகிறவராக இருந்தால் நான் மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை. இந்த வேலைக்கு நான் மனுப் போடவில்லை. ஈப்போவில் கல்லூரி முடித்துவிட்டு, கேமரன் மலைக்குத் திரும்பி ரிங்லெட்டில் ஒரு பூந்தோட்டத்துக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். யாரோடும் பேச வேண்டாம் என்பதற்காகவே பிடித்த வேலை அது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிவில் பாஸ்டர், "வேன் ஓட்ட யாருக்கு லைசன் இருக்கு?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர் என்னைக் காட்டினார். மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டும். எனக்கு அது பழக்கமில்லை. அப்படித்தான் ஓட்டுநர் ஆனேன்.

ரிங்லெட்டில் கிளம்பி, தேயிலைத் தோட்டத்து லயங்களில் தமிழ்ப் பெண்களையும், சாலையோரம் காத்திருக்கும் செமாய் பூர்வகுடிப் பெண்களையும், காய்கறித் தோட்டங்களில் வேலை செய்ய சரவாக்கிலிருந்து வந்திருக்கும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு பிரிஞ்சாங்கில் உள்ள எங்கள் தேவாலயத்தில் இறக்க வேண்டும். ஆண்கள் மோட்டார் சைக்கிளில் முன்னாலேயே போய்விடுவார்கள்.

கண்ணைத் திறந்த ஜெபம்

என் பக்கத்து இருக்கை எஸ்தர் அக்காவுடையது. வாரநாட்களில் தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலைப் பொட்டலம் கட்டுகிறவர். தேவாலயத்தைக் கூட்டுவது, பூ வைப்பது, நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது, பிரசங்கம் நீண்டால் முதல் வரிசையிலிருந்து கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை. திருப்பிக் கேட்கும் தைரியமும் யாருக்கும் வந்ததில்லை.

அக்காவுக்கு வேன் ஓட்டத் தெரியாது. ஆனாலும் என்னோடு சேர்ந்து ஓட்டுவார். நான் பிரேக்கை நினைப்பதற்குள் அவர் கால் தரையை மிதித்துவிடும். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு ஜெபம் வைத்திருக்கிறார். அணைக்கட்டு ஏரியைத் தாண்டியதும் வரும் மோசமான வளைவில் ஒருநாள், "ஆண்டவரே, நடுரோட்டுல கெடக்கற அந்தக் கல்லு இந்தப் புள்ள கண்ணுல படும்படி செய்யும்" என்று உரக்க ஜெபித்தார். அப்போதுதான் கல்லைப் பார்த்தேன். வண்டியை ஒடித்துத் திருப்பிய பதற்றத்தில் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன். அக்காவுக்கு வருத்தம். "ஆமென் சொல்லும்மா. கண்ண மட்டும் மூடாத!"

வாந்திக்கு மருந்து

மலைப்பாதையில் வேன் ஓட்டுகிறவர்களுக்கு உண்மையான எதிரி லோரி அல்ல, வாந்தி. பிளாஸ்டிக் பை, எலுமிச்சை, இஞ்சி மிட்டாய் எல்லாம் தோற்ற பிறகு, பாடினால் வராது என்று எஸ்தர் அக்கா கண்டுபிடித்தார். பாடும்போது தொண்டைக்கு வேறு வேலை இருக்கிறதாம்.

அக்கா தமிழில் ஆரம்பித்தார். அதே ராகம் செமாய் பெண்களுக்கும் தெரியும், அவர்கள் தங்கள் மொழியில் பிடித்துக்கொண்டார்கள். சரவாக்கிலிருந்து வந்து முட்டைக்கோசு வெட்டும் லில்லி, நல்ல உயரம், தலை கூரையில் இடிக்க, இபான் மொழியில் சேர்ந்துகொண்டாள். மூன்று கூட்டமும் மூன்று வேகம். ஒருவர் முடித்தால் மற்றவர் நடுவில் இருப்பார். நிறுத்தினால் வாந்தி வரும் என்பதால் யாரும் நிறுத்தவில்லை; முதல் சரணத்துக்கே திரும்பத் திரும்பப் போனார்கள். தேவாலய வாசலில் வேன் நின்ற பிறகும் இறங்கப் பயந்து பாடிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே ஆராதனை தாமதமாகிறதே என்று பாஸ்டர் வந்து எட்டிப் பார்த்தார். ஒரே மொழியில் பாடினால் அழகாக இருக்குமே என்று மெதுவாகச் சொன்னார். செமாய் பெண்களுக்குத் தலைவி ரோஸ். மலாயில் அக்காவைக் 'காக்' என்பார்கள். எங்களுக்கு அவர் காக் ரோஸ். அவர் மடியில் இருந்த வாந்திப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டி மலாயில் சொன்னார்: "மூணு மொழியிலயும் பாடினோம் பாஸ்டர். எந்த மொழியிலயும் வாந்தி வரல."

அட்டை

காக் ரோஸின் அம்மா மலைமேல் கிராமத்தில் படுத்த படுக்கையாக இருந்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: திருவிருந்து. எங்கள் சபையில் பாஸ்டர் ஜெபித்துக் கொடுக்கும் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் வீட்டோடு கிடப்பவர்களுக்கு அவரோ, சபை தேர்ந்தெடுத்த மூப்பரோதான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பாஸ்டருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது, மலையேறக் கூடாது. மூப்பர்கள் இரண்டு பேர், மூன்றாவது இடம் காலி.

முதல் மூப்பரை வேனில் ஏற்றித் தார்ச்சாலை முடியும் இடம்வரை கொண்டுபோனேன். இறங்கினார். சப்பாத்துக் காலில் ஓர் அட்டை ஏறியது. திரும்ப வேனில் ஏறிக்கொண்டார். இரண்டாமவர், போவது பற்றி ஜெபித்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஜெபித்தார். மழைக்காலம் முடியட்டும் என்று பதில் வந்ததாம். கேமரன் மலையில் மழைக்காலம் எப்போது முடிகிறது என்று உங்களுக்கே தெரியும்.

எஸ்தர் அக்கா வாரா வாரம் கஞ்சித் தூக்கோடு அந்த ஒற்றையடிப் பாதையில் ஏறி இறங்குகிறவர். கஞ்சி கொண்டு போகலாம், அப்பம் கொண்டு போகக்கூடாது. எங்கள் சபையில் பெண் மூப்பர் இருந்ததில்லை. கூடாது என்று விதியும் இல்லை. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். ஒருநாள் மலையிலிருந்து இறங்கி வந்த அக்கா, சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலில் கொழுத்துத் தொங்கிய அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு, காலியாக இருக்கும் அந்த இடத்துக்குத் தாம் நிற்கப்போவதாக அறிவித்தார். "அட்டைக்குப் பயந்தவங்க மூப்பராம். அட்ட கடிச்சவ என்னவாம்?"

கிராணியாரின் காரணங்கள்

சபைச் செயலாளர் தங்கராஜ் ஐயா தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றும் எல்லாருக்கும் அவர் கிராணியார்தான். வேன் சாவி அவர் வீட்டில் இருக்கும். ஒவ்வொரு ஞாயிறும் சாவியோடு, பெண் ஏன் மூப்பராகக் கூடாது என்பதற்கு ஒரு காரணமும் கிடைக்கும்.

முதல் வாரம் கோட்டு. மூப்பருக்கென்று தைத்து வைத்திருக்கும் கோட்டின் தோள் அகலம் ஆண்களுக்கானது. அடுத்த வாரம் பெஞ்சு. மூப்பர் பெஞ்சில் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். ஒருவர் பெண்ணானால் நடுவே இடைவெளி விட வேண்டும், இடைவெளிக்கு இடமில்லை. அதற்கடுத்த வாரம் நட்சத்திரம். கிறிஸ்மஸுக்குக் கோபுரத்தில் நட்சத்திரம் கட்டுவது மூப்பர் கடமை, ஏணியில் பொம்பளை ஏறுவாளா? "நீ படிச்ச புள்ள, நீயே சொல்லு" என்றார். நான் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். படித்த பிள்ளையே ஒத்துக்கொண்டுவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

வேனில் எனக்கு நல்ல மண்டகப்படி. இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. எதிர்த்துப் பேசாததைப் பார்த்துவிட்டு, உள்ளுக்குள் நான் தங்கள் பக்கம்தான் என்று வேன் பெண்களும் முடிவு செய்தார்கள். ஆக, வாயைத் திறக்காமலே இரண்டு கட்சியிலும் சேர்ந்திருந்தேன். ஏணிக் காரணத்தைக் கேட்ட லில்லி மட்டும் சிரித்துச் சிரித்துக் கூரையில் இடித்துக்கொண்டாள். மலாயும் எங்களிடம் கற்ற தமிழும் கலந்து சொன்னாள்: "போன கிறிஸ்மஸ்க்கு ஏணி மேல எஸ்தர் அக்கா. கீழ ஏணி புடிச்சது நானு. 'பாத்து, பாத்து'ன்னு சொன்னது அவரு லா!"

ஸ்ட்ராபெரி

தேர்தல் நாள் பள்ளி விடுமுறையில் வந்து விழுந்தது. கீழ்நாட்டில் இருப்பவர்கள் எல்லாம் ஸ்ட்ராபெரி வாங்க மேலே வந்துவிட்டார்கள். தானா ராத்தாவைத் தாண்டியதும் வேன் நின்றது. மழை வேறு. ஆராதனை தொடங்கி, முடிந்து, ஆண்டுக் கூட்டம் ஆரம்பிக்கும் நேரமும் வந்தது. எனக்கு முன்னால் இருந்த நீலக் காரின் பின்பக்கம் மட்டும் மாறவில்லை. இறங்கி நடக்கலாம் என்றால் ஏற்றம், பாதிப் பேருக்கு முழங்கால் வலி.

பாஸ்டரைக் கைப்பேசியில் அழைத்து ஒலியைப் பெரிதாக வைத்தேன். கிராணியார் குரல் கேட்டது: வராதவர்கள் வராதவர்கள்தான், ஆரம்பிக்கலாம். சபையில் பாதிப் பேராவது இருந்தால்தான் கூட்டம் செல்லும் என்று பாஸ்டர் ஞாபகப்படுத்தினார். அப்படியானால் போனிலேயே ஓட்டுப் போடட்டுமே என்று யாரோ சொன்னார்கள். கிராணியார் விடவில்லை. போனில் கை தெரியாது, தேர்தலை அடுத்த வருடம் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

காக் ரோஸ் என் தோளைத் தொட்டு, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். அடுத்த வருடமாம் என்று மலாயில் சொன்னேன். அவர் அம்மாவுக்கு அடுத்த மாதமே நிச்சயமில்லை. எஸ்தர் அக்கா என் கைப்பேசியைப் பிடுங்கினார். "பாஸ்டர், எங்களால வர முடியல, நீங்க வாங்க. சபையில பாதி இங்க ஜேம்ல நிக்குது லா!"

கை

வந்தார்கள். மழைக்கோட்டு மாட்டிய ஆண்கள், ஒருவர் பின்னால் ஒருவராக, நெரிசலுக்குள் நுழைந்து மோட்டார்களில் வந்து வேனைச் சூழ்ந்தார்கள். நடுவில் ஒரு மோட்டாரின் பின்னிருக்கையில் குடை பிடித்த பாஸ்டர். பக்கத்துக் கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, ஸ்ட்ராபெரி இங்கே மலிவா என்று மலாயில் கேட்டார். பாஸ்டர் சுருக்கமாக ஜெபித்துவிட்டு, எஸ்தர் அக்கா மூப்பராக வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்று தமிழிலும் மலாயிலும் சொன்னார். வேனில் ஸ்டீரிங்கில் இருந்த என் கை தவிர எல்லாக் கையும் உயர்ந்தது. மோட்டாரில் இருந்தவர்களும் தூக்கினார்கள். பக்கத்துக் காரில் இருந்த குழந்தைகளும் தூக்கினார்கள்.

கண்ணாடிகளில் ஆவி படிந்திருந்தது, உள்ளே தூக்கியிருப்பது கையா, கண்ணாடி துடைப்பதா என்று தெரியவில்லை என்றார் கிராணியார். எண்ணுவதற்கு அவரே உள்ளே ஏறினார். கதவை மூடியதும் நீலக் கார் நகர்ந்தது. பின்னால் ஹாரன். நானும் நகர்த்த வேண்டியதாயிற்று. பாஸ்டரின் மோட்டார் ஜன்னலை ஒட்டியே வந்தது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் கிராணியார் முகம் தெரிந்தது. அவரும் என்னைப் பார்த்தார். ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தூக்கினேன். "நீ எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலியேம்மா!" என்றார். சொல்லவில்லைதான். இப்போதும் சொல்லவில்லை, தூக்கினேன்.

அடுத்த வளைவில் அவர் தடுமாறி, பெண்கள் மடியில் விழாமல் இருக்கக் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். லில்லி துடைத்த ஜன்னல் வழியாகப் பாஸ்டர் பார்த்துவிட்டு, "கிராணியாரும் தூக்கிட்டாரு! ஒருமனதா தீர்மானம்!" என்று மழையில் கத்தினார். "தூக்கல பாஸ்டர், புடிச்சிருக்கேன்!" என்று கிராணியார் அலறினார். அப்படியானால் கையை இறக்குங்கள் என்றார் பாஸ்டர். இறக்க முடியவில்லை, இன்னொரு வளைவு வந்தது. வேனே சிரித்தது. எஸ்தர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னலை இறக்கி, மழை முகத்தில் அடிக்கச் சொன்னார்: "அவர் கைய எண்ணாதீங்க பாஸ்டர். எனக்குத் தூக்குன கையே போதும்."

மலைமேல்

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தார்ச்சாலை முடியும் இடத்துக்கு வேனைக் கொண்டுபோனேன். கிராணியாரும் வந்தார். வேனுக்குக் காவல் வேண்டும் என்று சொல்லி எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டார். அக்கா மூப்பர் கோட்டைப் போட்டிருந்தார். தோள் இரண்டு பக்கமும் தொங்கியது, கை நுனியை மடித்துவிட்டிருந்தார். பாதையில் எங்கள் கால்களில் ஏறிய அட்டைகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

காக் ரோஸின் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அக்கா தமிழில் ஜெபித்தார், மகள் செமாயில் சொன்னார். எப்போதும் உரக்க ஜெபிக்கிற அக்காவின் குரல் அன்று எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மூதாட்டியின் உள்ளங்கையில் அப்பத்தை வைத்தார். அந்த அம்மா அதை வெகுநேரம் உற்றுப் பார்த்தார், பிறகு வாயில் போட்டு மெதுவாக மென்றார், கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் காத்திருந்தோம். கண்ணைத் திறந்து மகளிடம் ஏதோ கேட்டார். காக் ரோஸ் சிரிப்பும் அழுகையுமாக எங்களுக்குச் சொன்னார்: "அவ்வளவு பெரிய ஆம்பளைங்களால தூக்கிட்டு ஏற முடியாதது இதத்தானான்னு அம்மா கேக்குறாங்க."

மலைப்பாதையில் வேன் ஓட்டும் சக துன்பக்காரர்களே, ஸ்ட்ராபெரி வாங்க வருகிறவர்களை நான் இப்போதெல்லாம் திட்டுவதில்லை. அதற்கென்று முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மூப்பர் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.